பல்பம் தின்னும் பெண்

செய்தித்தாளை நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். முதல் பக்கத்தில் மந்திரிகள் இருப்பார்கள், விலைவாசி இருக்கும். அதெல்லாம் அம்மாவுக்கு. கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் கட்டம் கட்டி நான்கைந்து வரியில் ஒரு செய்தி வரும், அது எனக்கு. கிணற்றில் தவறி விழுந்த எருமை அங்கேயே கன்று போட்டது. தபாலில் போட்ட கல்யாணப் பத்திரிகை இருபது வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தது, அதற்குள் அந்த மாப்பிள்ளையின் மகளுக்கே கல்யாணம். ஒரு ஆளைப் பாம்பு கடித்தது, செத்தது பாம்பு. இப்படிப்பட்டவற்றை வெட்டி, பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் ஒட்டி வைத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. எனக்கு இருபத்து நான்கு வயது. முள்ளிப்பட்டில் எங்கள் வீடு. அப்பா காலமான பிறகு நானும் அம்மாவும் மட்டும். பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. சனிக்கிழமை தவறாமல் ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த வாடகைப் புத்தகக் கடைக்குப் போவேன். துப்பறியும் நாவல்கள் மூன்று, குடும்ப நாவல் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, மேலட்டையில் துப்பாக்கியும் பெண்ணும் இருப்பதால் செய்தித்தாளால் அட்டை போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். அம்மா சபையில் மாதர் சங்கத்துக்குச் செயலாளர். "வேதத்தத் தொறந்தா ரெண்டு அதிகாரத்துல தூக்கம் வருது ஒனக்கு. இதுன்னா கண்ணு கொட்டாம படிக்கிற" என்பார். உண்மைதான்.

எனக்குக் கதை கேட்கும் தோழி ஒருத்தி இருந்தாள். அடுத்த வீட்டு அக்கா. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் புருஷனை மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஆரணி முதலாளி ஒருவரிடம் பட்டும் ஜரிகையும் வாங்கிவந்து வீட்டிலேயே நெய்து கொடுப்பவர். குறுக்கே ஓடும் ஊடை நூலை ராட்டையில் சின்னக் குச்சிகளில் தாராகச் சுற்றுவது அக்காவின் வேலை. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதை என்றால் உயிர்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடித்த கையோடு அவள் வீட்டுக்குப் போவேன். அவள் ராட்டை முன்னால் உட்கார்ந்திருப்பாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு படிப்பேன். கதையில் யாராவது மாடிப்படி ஏறும்போது ராட்டை மெதுவாகும். கதவு திறக்கும்போது நின்றே போகும். உள்ளே தறியிலிருந்து மாமா குரல் கொடுப்பார்:

"தாரு எங்க? கொலையாளியப் புடிச்சிக் குடுத்துட்டுத்தான் சுத்துவியா?"

"தோ, சுத்திகினுதான் கீறேன்!" என்று ராட்டையைத் தட்டிவிட்டு, என்னிடம் கிசுகிசுப்பாள்: "ஜல்தி படி பாப்பா. உள்ள யார் இருந்தா?"

கதை முடிந்ததும் என் கடைசிப் பக்கத்துச் செய்திகளைப் படிப்பேன். அவை அவளுக்குக் கதையைவிடப் பிடிக்கும். "இப்பிடிக்கூடவா இருப்பாங்க ஜனங்க?" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை நான் சொல்லாமல் உள்ளே போனபோது அவள் சமையல் கட்டில் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். கடக், கடக் என்று சத்தம். திரும்பினாள். உதட்டோரத்தில் வெள்ளையாக மாவு.

"இன்னாக்கா சாப்பிடறீங்க?"

கையை மடக்கிக்கொண்டாள். நான் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். பல்பம். சிலேட்டில் எழுதும் பல்பம், பாதி கடித்தது. நான்காம் வகுப்பில் என்னிடமே படிக்கும் தன் மகளின் பையிலிருந்து எடுத்திருக்கிறாள்.

அவள் முகம் போன போக்கை இப்போதும் சொல்ல வரவில்லை. அழவில்லை. திருடும்போது பிடிபட்ட குழந்தை சிரிக்கப் பார்க்குமே, அப்படிச் சிரிக்கப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத பாப்பா. இவ பொறந்ததுலருந்தே இருக்குது. நிறுத்தணும்னு பாக்குறேன், முடியல. மொத மழைக்கு மண்ணு வாசன வரும் பாரு, அந்த ருசி. உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்."

"சொல்ல மாட்டேங்க்கா."

சொன்னது மட்டுமல்ல. திங்கட்கிழமை பள்ளிக்கூட அலமாரியிலிருந்த பல்பப் பெட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பல்பம் அது. அக்கா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டபோது அவள் கண்ணில் தெரிந்த நன்றி எனக்குப் பெருமையாக இருந்தது. அதிலிருந்து வாரத்துக்கு ஒரு பிடி. ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ தின்பாள், அவ்வளவுதான்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. அப்போது நான் படித்த வாரப் பத்திரிகை ஒன்று புதிதாக ஒரு பகுதி ஆரம்பித்தது. உங்கள் ஊரில் நடந்த விசித்திரத்தை எழுதி அனுப்புங்கள், பிரசுரமானால் ஒரு நாவல் பரிசு. நான் விடுவேனா? எங்கள் தெருவில் ஒரு ஆடு சர்ச் மணி அடித்தால் மட்டும் கத்தும் என்று எழுதினேன். வரவில்லை. ஒரே பூசணிக்கொடியில் இருபத்தேழு காய் என்று எழுதினேன். அதுவும் வரவில்லை. வாராவாரம் வேறு யாரோ ஊரின் பெயர் அச்சில் வந்தது. ஆயிரம் கதை படித்த எனக்கு நான்கு வரி எழுதத் தெரியவில்லையா என்று வந்த எரிச்சலில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

பெயர் போடவில்லை. அது போதும் என்று நினைத்தேன். 'ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் பட்டு நெசவாளி ஒருவரின் மனைவி தினமும் பல்பம் தின்கிறார்' என்று ஆரம்பித்தேன். மூன்று என்று எழுதிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. இருபது என்று திருத்தினேன். சோறு வேண்டாம், பல்பம் போதும் என்று அவர் சொல்வதாகச் சேர்த்தேன். அவள் அப்படிச் சொன்னதே இல்லை. துப்பறியும் நாவல்களில் ஆளை வர்ணிக்கும்போது ஏதாவது அங்க அடையாளம் சொல்வார்கள், அப்போதுதான் நம்பும்படி இருக்கும். அதனால் 'இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உள்ள இந்தப் பெண்மணி' என்று எழுதினேன். சின்ன வயதில் அம்மிக்கல் மேல் விழுந்த தழும்பு அது.

இன்னொன்றும் செய்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, வேறொரு வாரப் பத்திரிகையில் ஒரு டாக்டர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பக்கத்தில் படித்திருந்தேன். மண், சாம்பல், பல்பம் தின்னத் தோன்றுவது பெரும்பாலும் ரத்தக் குறைவால் வருவது, வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் காட்டி இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்று எழுதியிருந்தார். அக்காவுக்கு நான் பல்பம் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு படித்தது அது. அக்காவுக்கு இருப்பது இதுதான் என்று உடனே தெரிந்தது. சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். அந்த வாரம் தொடர்கதையில் கதாநாயகி ரயிலிலிருந்து காணாமல் போயிருந்தாள். அதை முதலில் படித்துக் காட்டினேன். அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். அப்புறம் சொல்லவே இல்லை. அவள் பல்பத்துக்காக என்னை எதிர்பார்த்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகைக்கு எழுதும்போது அந்த டாக்டர் சொன்னதைக் கடைசி வரியாகச் சேர்த்திருந்தேன். திரும்பப் படித்துப் பார்த்தபோது அந்த வரி வந்ததும் விசித்திரம் போய்விட்டது. வெறும் நோயாகிவிட்டது. அதை அடித்தேன். ஒரு ஆண் பெயரைப் புனைபெயராகப் போட்டு, பரிசு வரவேண்டுமே என்று தனிச் சீட்டில் என் விலாசம் எழுதி, ஆரணித் தபாலாபீஸ் பெட்டியில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தது. 'பல்பம் தின்னும் பெண்' என்று தலைப்பு. ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டு கை நிறையப் பல்பம் வைத்திருப்பதுபோலப் படம் வேறு போட்டிருந்தார்கள். அச்சில் என் வாக்கியங்களைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயமில்லை. சந்தோஷம். நான்கு முறை படித்தேன்.

அந்தப் பத்திரிகை எங்கள் ஊர் டீக்கடைக்கும் வரும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை அங்கே ஒருவர் சத்தமாகப் படிக்க, புருவத் தழும்பு என்றதும் இன்னொருவர் அக்கா வீட்டுப் பக்கம் கை காட்டியிருக்கிறார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தறிக்குப் பாவு நூல் போட வந்தவர்கள், ஜரிகை கொண்டுவந்தவர்கள், ஒரு காரியமும் இல்லாதவர்கள் எல்லோரும் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா முதலாளி வீட்டுக்குப் போனபோது, "இன்னாய்யா, பட்டோட சேத்து பல்பமும் ஒரு பெட்டி குடுத்தனுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பாவம், யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர். வந்து தறிக்குழியில் காலை விட்டவர், அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்காவின் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு, அதுவும் என்னிடம்தான். அவள் உட்காரும் இடத்தில் யாரோ பல்பங்களை உடைத்துக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். யார் செய்தது என்று கேட்டேன். மூன்று பிள்ளைகள் எழுந்தன. ஸ்கேலால் ஒவ்வொருவருக்கும் கையில் இரண்டு அடி கொடுத்தேன். "மத்தவங்களக் கேலி செய்யறது பாவம்" என்று சொன்னேன். அந்த மூன்று பிள்ளைகளின் முகமும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த நாள் சாயங்காலம் அக்காவே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா இடுப்பிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். யாரோ கிழித்து அவள் வாசலில் போட்டுவிட்டுப் போன பக்கம்.

"படி பாப்பா. என்னப் பத்தி இன்னா எழுதிகீறாங்கன்னு முழுசாப் படி. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

எத்தனையோ கதைகளை அவளுக்குக் குரல் மாற்றி மாற்றிப் படித்தவள் நான். என் நான்கு வரியைப் படிக்க நாக்கு எழவில்லை. முள்ளிப்பட்டு, நெசவாளி மனைவி, பல்பம் என்று படித்தேன். இருபதை விட்டேன். சோறு வேண்டாம் என்றதை விட்டேன். தழும்பை விட்டேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா."

"இதுக்கா இந்தச் சிரிப்பு சிரிக்கிறாங்க?" தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டாள். "எவன் எழுதினானோ. நான் அவனுக்கு இன்னா பண்ணேன்?"

நான் குனிந்து சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கலசப்பாக்கத்திலிருந்து அவள் அண்ணன் வந்தார். கூடவே மந்திரிக்கிற ஆள் ஒருவரையும் அழைத்துவந்திருந்தார். தங்கை மேல் ஏதோ ஏறியிருக்கிறது, சோறு வேண்டாம் என்று அதுதான் சொல்கிறது என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். சோறு வேண்டாம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள் சத்தம் கேட்டு ஓடினேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா நடுவீட்டில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த ஆள் வேப்பங்கொத்தால் அவள் முதுகிலும் தோளிலும் அடித்துக்கொண்டே, "யார் நீ? பேரச் சொல்லு!" என்று கேட்டார். அவள் திரும்பத் திரும்பத் தன் பெயரையே சொன்னாள். தன் பெயரைச் சொல்லச் சொல்ல அடி விழுந்தது. மகள் தறிமேடை ஓரத்தில் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாமா வெளியே போயிருந்தார், அல்லது இதைப் பார்க்க முடியாமல் போய்விட்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. அது ரத்தக் குறைவு. மாத்திரை சாப்பிட்டாப் போயிடும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"புஸ்தகத்துல டாக்டர் எழுதியிருந்தாரு. நான் படிச்சேன்."

கொத்து நின்றது. படித்த பெண், வாத்தியாரம்மா சொன்னால் அந்த ஊரில் கொஞ்சம் நின்று கேட்பார்கள். அண்ணன் தயங்கிக்கொண்டிருந்தபோது அக்கா முகத்தில் விழுந்திருந்த முடியை விலக்கினாள். குரல் கம்மியிருந்தது.

"எப்பப் படிச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொன்னவளுக்கு அந்த ஒன்று வரவில்லை.

"போன வருசங்க்கா."

அவள் மெதுவாக எழுந்து, கூட்டத்தைப் பார்க்காமல், சேலை மாற்ற உள்ளே போனாள்.

மறுநாள் சனிக்கிழமை ஆரணி அரசு ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனேன். மாமா என்னைத்தான் கூடப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்து, "வெளுத்துப் போயிருக்கே, இவ்ளோ நாளு இன்னாம்மா பண்ணிகினு இருந்த?" என்று கேட்டார். பூச்சி மருந்தும் கறுப்பாகக் கசக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பாதி வழி வரை அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

"அந்தத் தாள எம் பொண்ணு எனக்குப் படிச்சிக் காட்டினா. இருபதுன்னு போட்டிருக்குதாம். தழும்பு போட்டிருக்குதாம். நீ அதெல்லாம் வுட்டுட்ட."

நான் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன்.

"நீதான் அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்குடுத்த. அவ ஒரு எழுத்தையும் வுடாமப் படிக்கிறா." என் பக்கம் திரும்பினாள். "நான் பல்பம் துன்றது ஒனக்கு மட்டும்தான் தெரியும். நீதான?"

தலையாட்டினேன். நின்றுகொண்டிருந்தவர்கள் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. கீரைக்கட்டு வைத்திருந்த ஒரு அம்மா கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பொஸ்தகம் பரிசுன்னு அதுல போட்டிருக்குதாம். அதுக்கா?"

"இல்லக்கா... என் எழுத்து அச்சில வரணும்னு."

அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. முள்ளிப்பட்டு வந்ததும் மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். நான் பின்னால் நடந்தேன். சேர்ந்து நடக்கத் தைரியமில்லை.

மூன்று மாதத்தில் பல்பம் விட்டுப்போய்விட்டது என்று அம்மா மூலமாகத் தெரிந்துகொண்டேன். ஊரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. என்னைப் பற்றி அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம் சொல்லவில்லை, என் அம்மாவிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அந்தப் பெண் எப்போதும்போல என்னிடம் நோட்டு கொண்டுவந்து காட்டினாள். எதிர்ப்பட்டால் அக்கா "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். நான் "ஆச்சுங்க்கா" என்பேன். அவள் வீட்டுக்குள் நான் போகவில்லை, அவள் வா என்றும் சொல்லவில்லை.

பரிசு நாவல் தபாலில் வந்தது. அதைக் கிணற்றில் போட்டேன், அடுப்பில் போட்டேன் என்று சொல்ல ஆசைதான். தலையணைக்கடியில் நான்கு நாள் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் எடுத்துப் படித்தேன். ஒரே மூச்சில் படித்தேன். நன்றாக இருந்தது. கொலை செய்தவர் யார் என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. முடித்துவிட்டு முகம் கழுவப் போனபோதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகம் படித்தாயிற்று. எண்பதுகளில் மாதாமாதம் கையடக்க நாவல்கள் கடை கடையாகத் தொங்கின, எல்லாவற்றையும் வாங்கினேன். படிப்பதை என்னால் விட முடியவில்லை. கடைசிப் பக்கத்துச் செய்திகளையும் விடவில்லை. வெட்டி ஒட்டுவதை மட்டும் நிறுத்தினேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்குத் தேசூருக்கு மாற்றல் வந்தது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பும் நாளில், சொல்லிக்கொள்ளாமல் போனால் தெருவில் பேச்சாகும் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா வாயார வாழ்த்தினார். மகள் வளர்ந்து ஆரணியில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா வெளியே வந்து எனக்குக் கையில் நாலு வாழைப்பழம் கொடுத்தாள். வண்டி வரை வந்தாள். பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஊர்ல புதுசாப் பழகுவ இல்ல, பொம்பளைங்ககிட்ட?"

"பழகணும்க்கா."

"பழகறதுக்கு முன்னாடியே சொல்லிடு."

"என்னன்னுங்க்கா?"

"நீ எழுதுவன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. ஊருக்குப் போகிறவளிடம் குடை எடுத்துக்கொண்டாயா என்று கேட்பதுபோலத்தான் சொன்னாள். அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். நானும் ஏறினேன்.

தேசூரில் ஏழு வருடம் இருந்தேன். எதிர்வீட்டில் ஒரு அம்மா மிகவும் பிரியமாக இருந்தார். மாமியார் கொடுமையிலிருந்து மகன் குடிப்பது வரை தன் வீட்டுச் சங்கதி ஒன்று விடாமல் என்னிடம் சொல்வார். அக்கா சொன்னதை அவரிடம் சொல்ல இரண்டு மூன்று முறை வாயெடுத்தேன். சொன்னால் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று இருந்தது. சொல்லவில்லை.